ஜடாயு ஆட்டோவில் ஏறவில்லை

மூன்றாவது ஆட்டோக்காரரும் வண்டியை நிறுத்தி, ஒரு பார்வை பார்த்து, ஒன்றும் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டார். தாம்பரத்தில் எங்கள் அடுக்ககத்து வாசலில், பழைய போர்வை சுற்றிய ஒரு பெரிய மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். உள்ளே இருந்தது ஜடாயுவின் சிறகுகள். விரித்தால் முனைக்கு முனை 11 அடி. மடக்கினாலும் நாலரை அடி உயரம், மூன்றடி அகலம். கடைசியில் தெருமுனையில் தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்த குட்டி யானைக்காரரிடம் கெஞ்சி, 600 ரூபாய் பேசி, காலி கேன்களுக்கு நடுவே ஜடாயுவை நிற்கவைத்துக்கொண்டு அரங்கத்துக்குப் போனோம். என் தம்பி மகள், அதாவது ஜடாயு, முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

இதை நான் ஏன் செய்யத் தொடங்கினேன் என்றால், வாடகைக் கடையில் காட்டிய சிறகைப் பார்த்ததால்தான். அவளுடைய நாட்டியப் பள்ளியில் ராமாயண நாட்டிய நாடகம், ஆண்டு விழாவுக்கு. சீதை, ராவணன், மான் எல்லாருக்கும் உடை வாடகைக்குக் கிடைத்தது. ஜடாயுவுக்கு என்று எடுத்துக் கொடுத்தது ஒரு ஜோடி தேவதைச் சிறகு. கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு வைத்திருந்தது போல, அட்டையில் வெள்ளை வலைத்துணி ஒட்டி, ஓரத்தில் ஜிகினா. "பழுப்பு ஸ்பிரே அடிச்சிடலாம் மேடம், கழுகாயிடும்" என்றார் கடைக்காரர். வேண்டாம், நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான்கு மாதம் ஆனது.

எனக்குத் தையல் தெரியும், சாயம் போடத் தெரியும், துணியில் ஓவியம் வரைவேன். சிறகு தெரியாது. சிறகு எப்படி மடங்குகிறது என்று புத்தகத்தில் பார்த்தால் அம்புக்குறியும் எழுத்துமாக இருந்ததே தவிரப் புரியவில்லை. கறிக்கடைக்குப் போய்த் தோலோடும் இறகோடும் ஒரு முழு இறக்கை வேண்டும் என்று கேட்டேன். கடைப் பையன் சிரித்துக்கொண்டே இரண்டு கொடுத்தான். சமையலறை மேடையில் வைத்து விரித்தும் மடக்கியும் பார்த்ததில் ஒரு விஷயம் சட்டென்று விளங்கியது. முழங்கை மூட்டை மடக்கினால் மணிக்கட்டு மூட்டும் தானாக மடங்குகிறது. முனையில் இருக்கும் நீள இறகுகள் பத்தும் நம் கையின் உள்ளங்கைப் பகுதிக்குச் சமமான எலும்பிலிருந்து கிளம்புகின்றன, அடுத்த வரிசை முன்கையிலிருந்து. அதாவது சிறகு என்பது முதுகில் ஒட்டிய விசிறி இல்லை, அது ஒரு கை. இவ்வளவு நாள் நாம் பார்த்த நாடகச் சிறகுகள் எல்லாம் ஏன் பொம்மைச் சிறகாகத் தெரிகின்றன என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். (அந்த இறக்கைகளை அம்மா குழம்பில் போட மறுத்துவிட்டார். "நீ அதை வச்சுப் பாடம் படிச்சிருக்கே" என்றார்.)

அடுத்தது, எந்தப் பறவை? ஜடாயு கழுகு என்றுதான் எல்லோரும் சொல்கிறோம், ஆனால் மனதில் படம் வரும்போது காலண்டரில் வரும் தங்க நிறப் பருந்துதான் வருகிறது. எனக்கு வந்தது வேறு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாத்தா என்னைத் திருக்கழுக்குன்றத்துக்குக் கூட்டிப்போனார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறி, உச்சி வேளையில் குருக்கள் சர்க்கரைப் பொங்கலோடு பாறையில் உட்கார்ந்திருக்க, கூட்டம் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் காலண்டர்ப் பறவைக்காகக் காத்திருந்தேன். வந்து இறங்கியது அழுக்கு வெள்ளையில், மஞ்சள் முகத்தோடு, கோழி மாதிரி தத்தித் தத்தி நடந்துவந்த ஒன்று. "இதுவா கழுகு?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். "ரிஷிம்மா அவர், மெதுவாப் பேசு" என்றார் தாத்தா. அது மஞ்சள்முகப் பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு வகைகளில் ஒன்று, என்பது வெகு காலத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் அவை அங்கே வருவது நின்றுபோனது. பாறுகளுக்கு இந்தியா முழுவதுமே அது கெட்ட காலம். மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபீனாக் வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பறவைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006-ல்தான் தடை செய்தார்கள்.

அன்றைக்கு நடந்துவந்தபோது அசிங்கமாகத் தெரிந்த அதே பறவை, பொங்கலைத் தின்றுவிட்டு எழும்பியபோது எனக்கு வாய் பிளந்துவிட்டது. கீழேயிருந்து பார்க்கச் சிறகின் முன்பாதி பளீர் வெள்ளை, பின்பாதியும் முனையும் கறுப்பு, நடுவே கோடு கிழித்த மாதிரி. மேடைக்கு இதைவிட நல்ல சிறகு கிடையாது. கடைசி வரிசையில் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வந்த பாட்டிக்கும் தெரியும். அந்த ஊர்ப் பறவைதான் என் ஜடாயு என்று முடிவு செய்துவிட்டேன். நாட்டிய ஆசிரியைக்கு இது பிடிக்கவில்லை. "ராஜப் பறவைங்க, கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் ஜரிகை வேண்டாமா?" என்றார். வேண்டாம் என்றேன். அதில் பாதிதான் எனக்கு ஜெயம், பிறகு சொல்கிறேன்.

சரி, கட்டுமானம். முதல் சிறகை அரை அங்குல பிவிசி குழாயில் செய்தேன். இணையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், பார்க்கச் சுலபமாக இருந்தது. துணியெல்லாம் கட்டி முடித்து எடை போட்டால் 5 கிலோ. பதிமூன்று வயதுப் பெண் அதை மாட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள், சிறகு சுற்றி முடிக்க இன்னும் அரைச் சுற்று எடுத்துக்கொண்டது, அவள் போய்ச் சோபாவில் விழுந்தாள். "அத்தை, ராவணன் வர வேண்டிய அவசியமே இல்ல" என்றாள்.

எடை மட்டும் பிரச்சினை இல்லை. எடை எங்கே உட்காருகிறது என்பதுதான் பெரிய பிரச்சினை. தோளில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் கழுத்து இறுகிவிடும், கழுத்து இறுகிய பெண் முகத்தில் அபிநயம் வராது. மலையேறுகிறவர்களின் பைகளில் இடுப்பில் ஒரு அகலப் பட்டை இருக்குமே, அது அழகுக்கு இல்லை, பாரத்தைத் தோளிலிருந்து இடுப்பெலும்புக்கு இறக்குவதற்கு. அதே மாதிரி பழைய பள்ளிப் பையின் வாரையும் அகலமான இடுப்புப் பட்டையையும் ஒரு முதுகுப் பலகையில் தைத்தேன். பலகை என்றால் மரம் இல்லை, வளைத்த அலுமினியத் தகடு, உட்பக்கம் யோகா பாய் ஒட்டியது. பொய்க்கால் குதிரை ஆடுகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? குதிரைக் கூடு முழுவதும் இரண்டு வாரில் தோளிலிருந்து தொங்கும், காலுக்குக் கீழே வேறு கட்டை. அந்தப் பாரத்தோடு அவர்கள் சிரித்துக்கொண்டே ஆடுகிறார்கள் என்பதை இப்போது நினைத்தாலே எனக்கு இடுப்பு வலிக்கிறது.

குழாயை எறிந்துவிட்டுப் பிரம்புக்கு வந்தேன். சிறகின் முன்விளிம்புக்கு வளைத்த பிரம்பு, குறுக்கே மூங்கில் பிளாச்சு. ஒவ்வொரு இறகுக்கும் நடுத்தண்டு வேண்டுமே, கம்பி வைத்தால் எடை, பிளாஸ்டிக் வைத்தால் துவளும். பல நாள் யோசித்துவிட்டு ஒரு காலை வீட்டைப் பெருக்கும்போது கையிலேயே இருந்தது விடை. தென்னை ஈர்க்கு! அடியில் தடித்து முனையில் மெலிந்து, வளைந்தால் திரும்பி நிமிர்ந்து, இறகுத் தண்டு எப்படியோ அப்படியே. நீள இறகுகளுக்கு மூன்று ஈர்க்குகளைச் சேர்த்து நூலால் சுற்றினேன். இரண்டு புதுத் துடைப்பம், ஒன்று 40 ரூபாய். நான் இதுவரை வாங்கிய உடைப் பொருட்களில் இதைவிட மலிவானதும் சரியானதும் எதுவும் இல்லை.

இன்னொன்றையும் தற்செயலாகத்தான் கற்றேன். முதல் சிறகில் சோம்பலால் ஒரே பெரிய துணியில் இறகு இறகாக வரைந்திருந்தேன். கையை வீசினால் அது பாய்மரம் மாதிரி காற்றை அள்ளிப் பின்னுக்கு இழுத்தது. இரண்டாவது முறை இறகுகளைத் தனித்தனியாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று பாதி படியும்படி வைத்துத் தைத்ததும், வீசும்போது இடைவெளி திறந்து காற்று வழிந்து போய்விட்டது. அதோடு ஒரு சரசரப்பும் வந்தது. அந்தச் சத்தத்தை நான் திட்டமிடவே இல்லை, ஆனால் ஒத்திகையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தது அதைக் கேட்டுத்தான்.

இனி சாயம். இங்கேதான் நான் கொஞ்சம் நீட்டி முழக்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைப் பகுதிக்குப் பட்டு வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஒரு கடையில் "சுத்த சில்க் மேடம்" என்று சொன்னதை நம்பி நான்கு மீட்டர் வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஒரு நூலைப் பிரித்து நெருப்பில் காட்டினால் உருகி முத்தாக உருண்டது. பட்டாக இருந்தால் முடி கருகும் வாசனை வரும், பருத்தி என்றால் காகிதம் எரிவது போல எரிந்து சாம்பலாகும். உருகினால் பாலியெஸ்டர். பாலியெஸ்டருக்கு நாம் வீட்டில் போடும் சாயம் பிடிக்காது. அதற்கான சாயமே வேறு, நல்ல கொதி வேண்டும். அந்த நான்கு மீட்டர் இப்போது ஜன்னல் திரை. கடைக்குள் தீப்பெட்டி எடுத்துப்போக முடியாது என்பது உண்மைதான், ஆனால் ஒரு நூலைக் கேட்டு வாங்கி வாசலில் வந்து கொளுத்தலாம். நான் இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறேன்.

பிறகு கோடவுன் தெருவில் காடா துணி, அதாவது வெளுக்காத பருத்தி, வாங்கினேன். காடாவில் நெசவுக்குப் போட்ட கஞ்சி அப்படியே இருக்கும், அதை எடுக்காமல் முக்கினால் சாயம் திட்டுத் திட்டாகத்தான் ஏறும். சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தால் தண்ணீர் டீ நிறத்தில் இறங்கும். அது போகும்வரை அலச வேண்டும். போட்டது ரியாக்டிவ் சாயம். 1956-ல் முதன்முதலாகக் கடைக்கு வந்த இந்த வகைச் சாயம் நூலின் மேல் பூச்சாக ஒட்டிக்கொள்வது இல்லை, பருத்தி நாரோடு வேதியியல் முறையில் பிணைந்துவிடுகிறது. கொதிக்கவைக்கவும் தேவையில்லை. உப்பு போட்டால் சாயம் தண்ணீரை விட்டுத் துணிப் பக்கம் நகர்கிறது, சோடா ஆஷ் போட்டால்தான் பிணைப்பு நடக்கிறது. கறுப்புக்கு மட்டும் கை தாராளமாக வேண்டும். மற்ற நிறங்களுக்கு 100 கிராம் துணிக்கு 2 முதல் 4 கிராம் சாயம் போதும், கறுப்புக்கு நான் 8 போட்டேன். 600 கிராம் துணிக்கு 48 கிராம் சாயம், அரைக் கிலோவுக்கு மேல் கல்லுப்பு. குறைத்துப் போட்டால் சாம்பல் நிறம்தான் வரும், பிறகு எத்தனை முறை முக்கினாலும் அழுத கண் மாதிரியே இருக்கும். ஒரு எச்சரிக்கை: பொடியைக் கலக்கும்போது முகமூடி போடுங்கள், மூச்சில் போனால் ஒவ்வாமை வரும். சமையல் பாத்திரத்தைத் தொடவே தொடாதீர்கள்.

கறுப்புச் சாயம் பொதுவாக ஒரே சாயம் இல்லை, பல நிறங்களின் கலவை. ஈரத் துணியின் ஒரு முனையை மட்டும் சாயத்தில் தொங்கவிட்டால் அது மெல்ல மேலே ஏறும், ஏறும்போது கலவை பிரியும். சில நிறம் சீக்கிரம் ஓடும், சில நிறம் பின்தங்கும். என் இறகுகளில் கறுப்பு முடியும் இடத்தில் ஊதாவும் ஒரு துளி செம்பழுப்பும் கசிந்து நின்றன. முதலில் பதறிப்போனேன், பாழாய்ப்போனதே என்று. மறுநாள் காய்ந்ததும் வெயிலில் பிடித்துப் பார்த்தால், காக்கை இறகை வெளிச்சத்தில் திருப்பும்போது தெரியுமே ஒரு மினுக்கம், அது. தூரிகையால் நான் ஆறு மாதம் உட்கார்ந்து வரைந்தாலும் வராது.

சாயம் போட்டதைவிட அலசியதுதான் பெரும்பாடு. பிணையாத சாயம் எப்போதும் ஒரு பகுதி மிஞ்சும். அதைக் கழுவித் தள்ளாவிட்டால் முதல் வியர்வையில் வெள்ளைப் பகுதி கறுத்துவிடும். பதினான்கு வாளி. ஏப்ரல் மாதத்தில், தண்ணீர் லாரிக்குப் பணம் கட்டும் அடுக்ககத்தில், பதினான்கு வாளி கறுப்புத் தண்ணீர் குளியலறைக் குழியில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது நொய்யல் ஆற்றைப் பற்றி எவ்வளவு ஆவேசமாகப் பேசினேன் என்பது ஞாபகம் வந்தது. என் ஒரு ஜோடிச் சிறகுக்கே இவ்வளவு. அடுத்த முறை கறுப்பைக் குறைத்து, நிறத்தைத் தூரிகையால் மேலே ஏற்ற முடியுமா என்று பார்க்கிறேன்.

ஓவியத்துக்கு வருவோம், அதில் நான் தோற்றேன். வெள்ளைச் சிறு இறகுகள் கிட்டத்தட்ட 300, ஒவ்வொன்றிலும் மெல்லிய தூரிகையில் தண்டு, தண்டிலிருந்து சாய்ந்த கோடுகள், நிழலுக்குச் சாம்பல். மூன்று வாரம். அம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து "நிஜ இறகேதான்" என்றார். முதல் மேடை ஒத்திகையில் நான் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மஞ்சள் விளக்குப் போட்டதும் என் மூன்று வாரமும் மாயமாக மறைந்து, துவைக்காத தலையணை உறை ஒன்று மேடையில் ஆடிக்கொண்டிருந்தது. கையளவு தூரத்தில் அழகாக இருந்த கோடுகள் எல்லாம் 40 அடியில் கலங்கி அழுக்காகிவிட்டன.

தெருக்கூத்துக்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய கிரீடம், தோளில் சிறகு மாதிரி விரியும் புஜக்கட்டை, மார்பதக்கம், எல்லாவற்றிலும் கண்ணாடிச் சில்லும் வண்ணக் காகிதமும் பதித்திருப்பார்கள். பகலில் கிட்டே போய்ப் பார்த்தால் கொஞ்சம் முரட்டுத்தனமாகக்கூடத் தெரியும். அது பகலுக்குச் செய்ததில்லை. தீப்பந்தத்துக்கும் பெட்ரோமாக்ஸுக்கும் செய்தது, விடிய விடிய, வயல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரிவதற்காகச் செய்தது. நான் என் சாப்பாட்டு மேசை விளக்குக்காக வரைந்திருக்கிறேன்.

ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சின்னப் புட்டித் தங்கப் பெயிண்ட்டைக் கொண்டுவந்து என் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். அன்றிரவே ஒவ்வொரு இறகு வரிசையின் விளிம்பிலும் விரல் தடிமனில் தங்கக் கோடு போட்டேன், அதற்குக் கீழே அதைவிடத் தடிமனாக ஒரு பழுப்பு நிழல். மூன்று மணி நேர வேலை. மறுநாள் கடைசி வரிசையிலிருந்து இறகு இறகாக எண்ண முடிந்தது. இதைத்தான் பாதி ஜெயம் என்றேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், இந்தச் சிறகு வெட்டுப்பட வேண்டும். அதுவும் மேடையில், எல்லோரும் பார்க்க, ராவணனின் வாளான சந்திரகாசம் இறங்கும் அந்த ஒரு தாளத்தில். கேரளத்தில் சடையமங்கலம் பாறை மேல் ஜடாயு சிலை ஒன்று இருக்கிறது, 2018-ல் திறந்தது, 200 அடி நீளம், மல்லாந்து கிடக்கும் பறவைக்கு ஒரு சிறகு மட்டும்தான். சிற்பிக்கு வசதி, ஒரு முறை செய்தால் போதும். எனக்கு அது ஒத்திகைக்கு ஒத்திகை வெட்டுப்பட்டு, மறுபடி ஐந்து நிமிடத்தில் முளைக்க வேண்டும்.

முதலில் முழங்கை மூட்டில் வெல்க்ரோ வைத்தேன். பிரியும்போது வந்த கர்ர்ர் சத்தத்தில் ராவணனே சிரித்துவிட்டான். காந்தம் வைத்துப் பார்த்தேன், வேகமாக வீசியபோது வாள் வருவதற்கு முன்பே சிறகு கழன்று சீதை மேல் விழுந்தது. கடைசியில் கதவுக் கீல்தான் கைகொடுத்தது. உள்சிறகின் முனையில் இரண்டு வளையம், வெளிச்சிறகில் ஒன்று, மூன்றையும் கோத்து ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பி. மூட்டு மடங்கும், விரியும், எவ்வளவு வீசினாலும் கழலாது. கம்பியின் தலையில் ஒரு தூண்டில் நரம்பு கட்டி, அதன் மறுமுனை அவள் மோதிர விரலில். வாள் இறங்கும்போது விரலை மடக்கினால் கம்பி உருவி வந்துவிடும், வெளிச்சிறகு சத்தமில்லாமல் விழும். இடது சிறகிலும் அதே கீல், ஆனால் நரம்பு இல்லை. மயிலாட்டத்தில் அலகு திறந்து மூடுவதும் ஒரு நூலை இழுத்துத்தான். எங்கேயோ சின்ன வயதில் பார்த்தது மனதில் கிடந்திருக்க வேண்டும்.

அந்தக் காட்சியைப் பற்றி அதிகம் சொல்லத் தெரியவில்லை. நான் மேடைக்குப் பக்கவாட்டில், கையில் ஊசி நூலும் உபரிக் கம்பி இரண்டும் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன், அங்கிருந்து பாதிதான் தெரியும். 11 அடியும் விரிந்து நின்றபோது கூட்டத்தில் ஒரு குழந்தை "அம்மா, பெருசு!" என்று கத்தியது கேட்டது. விரல் மடங்கியது எனக்குத் தெரிந்தது, வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. சிறகு விழுந்தது. அவள் மிச்சமிருந்த ஒன்றை வைத்துக்கொண்டு எழும்பப் பார்த்து, சாய்ந்து, மறுபடி எழும்பப் பார்த்தாள். அது ஒத்திகையில் இல்லாதது. ஒரு பக்கம் பாரம் போய்விட்டதால் உண்மையிலேயே நிலை தடுமாறியிருக்கிறாள், அதையே ஆட்டமாக்கிவிட்டாள் என்று பிறகுதான் சொன்னாள். நானும் நான்கு மாதமாகப் பாரத்தைச் சமன் செய்வது பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேனே தவிர, ஒரு சிறகு போனால் மறு சிறகு அவளை எந்தப் பக்கம் இழுக்கும் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

முடிந்து வெளியே வரும்போது இரவு பத்தரை. குட்டி யானைக்காரரின் போன் அணைத்து வைத்திருந்தது. ஒரு ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் மூட்டையைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அப்போது ஜடாயு, முகத்தில் மஞ்சள் சாயம் பாதி கலைந்திருக்க, பின்னாலிருந்து கேட்டாள்: "அத்தை, அந்தக் கம்பியை ரெண்டு பக்கமும் உருவினா சின்னதாயிடும்ல?"

செய்தது நான். கீல் வைத்தது நான். காலையில் 600 ரூபாய் கொடுத்ததும் நான்.

இரண்டு கம்பியையும் உருவினோம். நான்கு துண்டும் எங்கள் மடிமேல் குறுக்காகப் படுத்துக்கொண்டன, முனை இறகுகள் மட்டும் ஆட்டோவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு காற்றில் சரசரத்தன. "என்னம்மா இது, கொக்கா?" என்றார் டிரைவர். அவள் தூக்கத்திலேயே "பாறு" என்றாள்.